இலியட்: படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் போர்க் காவியமான இலியட்டைப் படித்தவர்களும் பாதியில் வைத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. படிக்கும்போது கோபம் வந்தது, சலித்தது, ஓர் இடத்தில் தொண்டை அடைத்தது என்று சொல்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உரையாசிரியர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடிப் போகும் முன் நமக்கு என்ன தோன்றியது என்பதைக் கொஞ்சம் நம்ப வேண்டும். இந்தக் காவியத்தைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் நல்லவை பலவும் அப்படி நம்பியவர்கள் சொன்னவைதான்.

டிராய்க் குதிரை எங்கே? அக்கிலிஸின் குதிகால் எங்கே?

டிராய் நகரத்தை ஏமாற்றி வீழ்த்திய மரக்குதிரை, அக்கிலிஸின் உயிர்நிலையான குதிகால், இரண்டும் இதில் கிடையாது. பலருக்கு வரும் முதல் ஏமாற்றம் இது. கிரேக்கர்கள் டிராய் நகரத்தின்மேல் நடத்திய பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்கள் நடப்பதுதான் கதை. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன், தன் படையிலேயே சிறந்த வீரனான அக்கிலிஸுக்குப் பரிசாகக் கிடைத்த பிரிசேயிஸ் என்ற பெண்ணைப் பிடுங்கிக்கொள்கிறான். அக்கிலிஸ் கோபித்துக்கொண்டு போரிலிருந்து விலகி உட்கார்ந்துவிடுகிறான். கிரேக்கர்கள் வரிசையாகத் தோற்கிறார்கள். அவனுடைய உயிர்த்தோழன் பட்ரோக்ளஸ் அவன் கவசத்தை அணிந்துகொண்டு போய் டிராய் இளவரசன் ஹெக்டர் கையால் சாகிறான். அக்கிலிஸ் திரும்பி வந்து ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். ஹெக்டரின் தந்தை பிரியாம் வந்து உடலைக் கேட்டு வாங்கிப் போகிறார். ஈமச் சடங்கோடு கதை முடிந்துவிடுகிறது. 24 காண்டங்கள், ஏறத்தாழ 15,700 வரிகள். நகரம் விழுவதைக் கவிஞர் காட்டவே இல்லை. ஆனால் ஹெக்டர் விழுந்த இடத்திலேயே நகரமும் விழுந்துவிட்டது என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

அக்கிலிஸைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. இவனா நாயகன்?

எரிச்சல் நியாயமானதுதான். தன் ஆட்களே தோற்க வேண்டும் என்று தெய்வமான தன் தாய் வழியாகத் தெய்வங்களின் அரசன் ஜீயஸிடம் வரம் கேட்கிறவன் அவன். ஆனாலும் ஒன்பதாம் காண்டத்தை மட்டும் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். அகமெம்னன் மனம் மாறிப் பொன்னும் குதிரைகளும் தருவதாகச் சொல்லி மூவரைச் சமாதானம் பேச அனுப்புகிறான். அவர்கள் போகும்போது அக்கிலிஸ் யாழை வைத்துக்கொண்டு பழைய வீரர்களின் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறான். பட்ரோக்ளஸ் எதிரே பேசாமல் உட்கார்ந்து, பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிறான். அதற்குப் பிறகு அக்கிலிஸ் சொல்லும் பதிலில் ஒரு வாதம் இருக்கிறது: முன்னால் நின்று சண்டை போட்டவனுக்கும் பின்னால் ஒதுங்கி நின்றவனுக்கும் ஒரே பங்குதான், கோழைக்கும் வீரனுக்கும் ஒரே மரியாதைதான், சாவும் இருவருக்கும் ஒன்றுதான். அப்படியானால் நான் யாருக்காகச் சாக வேண்டும்?

போரை அடியோடு சந்தேகப்படும் கேள்வி இது. அதைக் கேட்கிறவன் அந்தப் போரின் மிகப் பெரிய வீரன். அவனைப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அவனைக் கோபக்காரப் பையன் என்று ஒதுக்கினால் இந்தக் கேள்வியும் சேர்ந்து போய்விடும்.

எனக்கு ஹெக்டரைத்தான் பிடித்திருக்கிறது. எதிரிப் பக்கத்தில் நின்று படிப்பது சரியா?

தாராளமாக. கேட்டால் பெரும்பாலானவர்கள் அவனைத்தான் சொல்கிறார்கள். கிரேக்க மொழியில், கிரேக்கர்களுக்காகப் பாடப்பட்ட பாட்டு இது. அதில் மனைவியோடும் குழந்தையோடும் நாம் பார்ப்பது எதிரிப் படைத்தலைவனை. இலியட்டில் எனக்கு மிகப் பெரிதாகப் படும் விஷயம் இதுதான்.

ஆறாம் காண்டத்தில் ஹெக்டர் போர்க்களத்திலிருந்து ஊருக்குள் வந்துவிட்டுத் திரும்பும் வழியில், கோட்டை வாசலருகே அவன் மனைவி ஆந்த்ரோமகி ஓடி வருகிறாள். பின்னால் தாதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். ஆந்த்ரோமகியின் தந்தையையும் ஏழு சகோதரர்களையும் கொன்றவன் அக்கிலிஸ். “எனக்கு அப்பா, அம்மா, அண்ணன், கணவன் எல்லாம் நீதான்” என்கிறாள். அழுவதோடு நிறுத்தவில்லை, யோசனையும் சொல்கிறாள்: அத்திமரத்துப் பக்கம் மதில் ஏறுவதற்கு எளிது, படையை அங்கே நிறுத்து. போகாமல் இருந்தால் ஊராரிடம் தலைகாட்ட முடியாது என்கிறான் அவன். டிராய் அழியும் நாள் வரும் என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்றும் சொல்கிறான். குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குடுமி ஆடுவதைப் பார்த்துக் குழந்தை அலறித் தாதியின் மார்பில் ஒட்டிக்கொள்கிறது. பெற்றவர்கள் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக் கொஞ்சுகிறான்.

டிராய் அழியும் நாள் வரும் என்ற அந்த வரிகளைப் பின்னாளில் ஒரு ரோமானியத் தளபதி சொல்லி அழுதார். பொ.யு.மு. 146-இல் ரோமின் பகை நகரமான கார்த்தேஜ் எரிந்தபோது, அதை எரித்த சிப்பியோ எமிலியானுஸ்தான் அவர். பக்கத்தில் நின்ற வரலாற்றாசிரியர் பொலிபியஸ் ஏன் என்று கேட்டதற்கு, ஒருநாள் ரோமுக்கும் இதே கதி வரும் என்று நினைத்ததாகச் சொன்னாராம். ஊரைக் கொளுத்தியவன் வாயில் தோற்றவனின் சொல் வந்திருக்கிறது. அவரும் ஹெக்டர் பக்கத்திலிருந்து படித்தவர் போலும்.

இரண்டாம் காண்டத்தில் கப்பல் பட்டியல் வந்ததும் நிறுத்திவிட்டேன். தாண்டிப் போகலாமா?

போகலாம். 29 படைப்பிரிவுகள், 1,186 கப்பல்கள், ஊர்ப் பெயர், தலைவன் பெயர், எத்தனை கப்பல் என்று நீண்டுகொண்டே போகும். முதல் வாசிப்பில் இங்கே சிக்கி மொத்தப் புத்தகத்தையும் விட்டவர்கள் ஏராளம். ரஷ்யக் கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாம் தூக்கம் வராத ஓர் இரவில் இந்தப் பட்டியலைப் பாதி வரைக்கும் படித்ததாக 1915-இல் ஒரு கவிதை எழுதினார். நீங்களும் பாதியில் நின்றிருந்தால் நல்ல துணைதான்.

அன்று கேட்டவர்களுக்கு இது சலித்திருக்காது. தன் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று காது கொடுத்திருப்பார்கள்.

பக்கத்துக்குப் பக்கம் சாவு. ஈட்டி எங்கே குத்தியது, எலும்பு எப்படி உடைந்தது என்று விவரம் வேறு. இதை ஏன் படிக்க வேண்டும்?

மனம் ஒப்பவில்லை என்றால் கொஞ்ச நாள் மூடி வையுங்கள், தவறில்லை. ஆனால் சாகிறவர்களை எப்படிச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பெயரோடு சாகிறார்கள். பலர் கதைக்குள் வருவதே சாவதற்குத்தான். இருந்தும் வெறும் பெயராகப் போவதில்லை. சிமோயிசியஸ் என்று ஓர் இளைஞன். அவன் தாய் தன் பெற்றோரோடு ஆட்டு மந்தையைப் பார்க்கப் போய்விட்டு ஈடா மலையிலிருந்து இறங்கி வரும்போது சிமோயிஸ் ஆற்றங்கரையில் அவனைப் பெற்றாள். அதனால் ஆற்றின் பெயரையே வைத்தார்கள். வளர்த்த கடனைப் பெற்றவர்களுக்குத் திருப்பிச் செய்ய அவனுக்கு ஆயுள் போதவில்லை. சில வரிகள்தான், அதற்குள் கிரேக்க வீரன் ஏஜாக்ஸின் ஈட்டி பாய்ந்துவிடுகிறது.

இன்னொருவன் ஆக்சிலஸ். அரிஸ்பே ஊரில் சாலையோரமாக வீடு கட்டி, வருவோர் போவோர் அத்தனை பேருக்கும் விருந்து வைத்தவன். அன்றைக்கு அவன் முன்னால் வந்து நின்று சாவைத் தடுக்க அவர்களில் ஒருவர்கூட இல்லை என்று கவிஞர் சொல்கிறார். கிரேக்க வீரன் டியோமிடிஸ் அவனைக் கொன்றுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறான். இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய் இலியட்டைப் பற்றி எழுதிய கட்டுரை, பிரான்ஸ் ஹிட்லரின் படையிடம் விழுந்த சில மாதங்களில், 1940-41இல் மார்சேயிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் வெளியானது. யூதர் என்பதால் புனைபெயரில் வெளியிட வேண்டியிருந்தது. இந்தக் காவியத்தின் நாயகன் எந்த மனிதனும் இல்லை, வன்முறையின் பலம்தான் என்றார் அவர். அந்தப் பலம் தன் கையில் அகப்பட்டவனைப் பொருளாக்கிவிடும், அதைக் கையில் வைத்திருப்பதாக நினைக்கிறவனையும் கல்லாக்கிவிடும். அக்கிலிஸின் காலைப் பிடித்து உயிர்ப்பிச்சை கேட்கும் டிராய் இளவரசன் லிக்கயோனுக்கு 21-ஆம் காண்டத்தில் கிடைக்கும் பதில் அதற்குச் சாட்சி: “நீயும் செத்துப் போ, நண்பா. ஏன் அழுகிறாய்? உன்னைவிட எவ்வளவோ சிறந்த பட்ரோக்ளஸும் செத்துவிட்டான்.” வேய் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. காவியத்தில் வீரத்தின் மகிழ்ச்சியும் உண்டு, அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்பார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் நாடு விழுந்திருந்த நேரத்தில் ஒருவருக்கு இலியட் எப்படிக் கேட்டது என்பதற்கு அதைவிட நேர்மையான பதிவு எனக்குத் தெரிந்து இல்லை.

போருக்குப் போய் வந்தவர்கள் இதைப் படித்தால் என்ன சொல்கிறார்கள்?

ஜோனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் பாஸ்டனில் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். அவர்கள் சொன்ன கதைகளில் அக்கிலிஸின் கதை அப்படியே இருப்பதைப் பார்த்து, 1994-இல் அதையே ஒரு நூலாக எழுதினார். முதலில் மேலதிகாரி நியாயத்தை மீறுகிறார். படைவீரனின் உலகம் சுருங்கிச் சுருங்கி ஒன்றிரண்டு தோழர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அதில் ஒருவன் சாகிறான். ‘நான் போயிருக்க வேண்டும்’ என்ற குற்ற உணர்வு. அப்புறம் வெறி, செத்த எதிரியின் உடலையும் விடாத வெறி.

ஷே வேறுபாடுகளையும் சொல்கிறார். இலியட்டில் சண்டையை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடி அழுகிறார்கள். வியட்நாமில் அழ நேரம் இல்லை, உடல்கள் பையில் கட்டி விமானத்தில் போய்விட்டன. இலியட்டில் எதிரிக்கு மரியாதை உண்டு. வியட்நாமுக்குப் போனவர்களுக்கு எதிரியை மனிதனாகவே பார்க்காதே என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

முதல் உலகப் போரில் பேட்ரிக் ஷா-ஸ்டூவர்ட் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி கலிப்பொலிக்கு அனுப்பப்பட்டார். டிராய் இருந்த சமவெளி அங்கிருந்து டார்டனெல்ஸ் நீரிணைக்கு எதிர்க்கரை. கிரேக்கம் நன்கு படித்தவர். 1915-இல் விடுப்பில் இருந்தபோது ஒரு கவிதை எழுதினார். சாவது அவ்வளவு கஷ்டமா என்று அக்கிலிஸிடம் கேட்டு, பதுங்குகுழியில் என் பக்கத்தில் நின்று எனக்காக ஒரு குரல் கொடு என்று முடிக்கிறார். பட்ரோக்ளஸ் செத்ததும் அக்கிலிஸ் ஆயுதம்கூட இல்லாமல் அகழியோரம் நின்று கத்தியதிலேயே டிராய்ப் படை சிதறிய 18-ஆம் காண்டத்து நிகழ்ச்சி அது. கலிப்பொலியில் தப்பித்தவர், 1917 டிசம்பரில் பிரான்சில் கொல்லப்பட்டார்.

பெண்களைப் பொருளாகப் பங்கு போடும் கதை இது. ஒரு பெண் இதை எப்படிப் படிப்பது?

கோபத்தோடு படிக்கலாம். அந்தக் கோபத்துக்கான ஆதாரம் காவியத்துக்குள்ளேயே இருக்கிறது. பதினெட்டுக் காண்டங்கள் வரை பிரிசேயிஸ் வாயே திறப்பதில்லை. 19-ஆம் காண்டத்தில் பட்ரோக்ளஸின் உடல்மேல் விழுந்து அழும்போதுதான் அவள் கதை தெரிகிறது: கணவனையும் மூன்று சகோதரர்களையும் தன் ஊர் வாசலிலேயே சாகப் பார்த்தவள், கொன்ற அக்கிலிஸின் கூடாரத்திலேயே அடிமையாக இருக்கிறாள், அங்கே தன்னிடம் அன்பாகப் பேசிய ஒரே ஆளும் இப்போது இல்லை. அவளைச் சுற்றி மற்ற அடிமைப் பெண்களும் அழுகிறார்கள். பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து ஒவ்வொருத்தியும் தன் துயரத்துக்குத்தான் அழுதாள் என்று ஒரு வரி. சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் போருக்கே காரணமாகச் சொல்லப்படும் ஹெலனையும் அழகி என்று ஒதுக்கிவிடாதீர்கள். காதல் தெய்வம் அஃப்ரொடைட்டி அவளை ஹெக்டரின் தம்பி பாரிஸின் படுக்கைக்குப் போகச் சொல்லும்போது, “வேண்டுமானால் நீயே போய் அவனோடு இரு” என்று தெய்வத்தின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். கடைசியில் மிரட்டப்பட்டுப் போகிறாள். ஹெக்டரின் உடல் வந்தபோது கடைசி ஒப்பாரியும் அவளுடையதுதான். இத்தனை ஆண்டில் உன் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல்கூடக் கேட்டதில்லை என்கிறாள்.

சமீப காலத்தில் பெண்களின் குரல் மொழிபெயர்ப்பிலும் சேர்ந்திருக்கிறது. காரோலின் அலெக்சாண்டரின் ஆங்கில இலியட் 2015-இலும் எமிலி வில்சனுடையது 2023-இலும் வந்தன.

தெய்வங்கள் சண்டை போடுவதும் ஏமாற்றுவதும் சகிக்கவில்லை.

பொ.யு.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே கிரேக்கச் சிந்தனையாளர் செனோஃபனிஸ் இதையே சொல்லிக் கோபப்பட்டார்: திருட்டு, கள்ள உறவு, ஏமாற்று என்று மனிதர்களிடம் வெட்கக்கேடானவை அத்தனையையும் தெய்வங்கள்மேல் ஏற்றிவிட்டார்கள் என்று. தெய்வங்களுக்குச் சாவு இல்லை, அதனால் எதுவும் விளையாட்டாகிவிடுகிறது. கீழே இருப்பவர்களுக்கு ஒரே உயிர்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தக் காட்சிகள் ஏன் இருக்கின்றன என்று புரியும்.

இத்தனை பெரிய வீரர்கள் இப்படி அழுகிறார்களே?

பிளேட்டோவுக்கும் இது பிடிக்கவில்லை. அக்கிலிஸ் தலையில் சாம்பலை வாரிப் போட்டுக்கொள்வதையும் பிரியாம் புழுதியில் புரள்வதையும் நீக்கிவிட வேண்டும், இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்று தன் ‘குடியரசு’ நூலில் வாதாடினார். அதே நூலின் பிற்பகுதியில், சிறு வயது முதல் ஹோமர்மேல் இருக்கும் அன்பும் மரியாதையும் என்னைப் பேசவிடாமல் தடுக்கின்றன என்று அவரது சாக்ரடீஸ் சொல்கிறார். தடை கேட்கிறவருக்கே இந்த நிலை.

எனக்குக் கிரேக்கம் தெரியாது. மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லலாமா?

சொல்லலாம். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்கு ஒரு பைசாந்தியத் தூதர் ஹோமரின் கிரேக்கப் பிரதி ஒன்றைப் பரிசாக அனுப்பினார். அவரால் படிக்க முடியவில்லை. புத்தகத்தைக் கட்டிப்பிடித்துப் பெருமூச்சு விடுவதாக 1354-இல் நன்றிக் கடிதம் எழுதினார். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸுக்கும் கிரேக்கம் தெரியாது. 1816 அக்டோபரில் ஓர் இரவு முழுக்க நண்பரோடு உட்கார்ந்து சாப்மனின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனார். காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் அந்த நண்பரின் மேஜைக்கு ஒரு கவிதை வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் இன்றும் எல்லாரும் படிக்கும் கவிதை அது.

புறநானூறு நினைவுக்கு வருகிறது. இது என் கற்பனையா?

கற்பனை இல்லை. இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி, கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் பர்மிங்ஹாமில் இதையே ஆய்வு செய்தார். அந்த ஆய்வு 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நூலாக வந்தது. வாய்மொழிப் பாடகர்கள் அடைமொழிகளையும் தொடர்களையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை ஹோமரிலும் சங்கப் பாட்டிலும் எப்படி இயங்குகிறது என்று காட்டினார்.

எனக்கு ஒற்றுமையைவிட ஒரு வேற்றுமைதான் மறப்பதில்லை. 278-ஆம் புறப்பாட்டில், மகன் புறமுதுகு காட்டிச் செத்தான் என்று பலர் சொல்லக் கேட்ட கிழத்தாய், அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்துவிடுவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். சிதைந்து கிடந்தவனைக் கண்டதும் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். இலியட்டின் 22-ஆம் காண்டத்தில் ஹெக்டரின் தாய் ஹெகுபா மதில்மேல் நின்று அதே மார்பைத் திறந்து காட்டுகிறாள்: “பால் கொடுத்தேனே, இதை நினைத்துப் பார், உள்ளே வந்துவிடு, அவன் எதிரில் நிற்காதே.” இருவருக்கும் சாட்சி ஒன்றுதான், கேட்பதுதான் நேர் எதிர். அந்தக் கிழத்தாயைப் பள்ளியில் படித்துப் பெருமைப்பட்டவர்களுக்கு ஹெகுபாவைப் படித்ததும் மனம் இரண்டு பக்கமும் இழுபடும். எந்தப் பக்கம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

கடைசிக் காண்டத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அப்படி என்ன இருக்கிறது?

கிழவர் பிரியாம் இரவில் எதிரியின் கூடாரத்துக்குள் போகிறார். அக்கிலிஸின் முழங்காலைப் பிடித்து, தன் பிள்ளைகள் பலரைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறார். “உன் அப்பாவை நினைத்துப் பார், என் வயதுதான் அவருக்கும்” என்கிறார். இருவரும் அழுகிறார்கள், ஒருவர் ஹெக்டருக்காக, இன்னொருவன் தன் தந்தைக்காகவும் பட்ரோக்ளஸுக்காகவும். அப்புறம் அக்கிலிஸ் அவரைச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டபின் ஒருவரையொருவர் பார்த்து வியக்கிறார்கள். துக்கத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அவனே கேட்கிறான். ஒன்பது நாள் அழுகை, பத்தாம் நாள் தகனம், பதினொன்றாம் நாள் சமாதி மேடு, பன்னிரண்டாம் நாள் வேண்டுமானால் சண்டை என்கிறார் பிரியாம். அக்கிலிஸ் ஒத்துக்கொள்கிறான்.

மன்னிப்பு என்று இதற்குப் பெயர் வைக்கத் தயங்குகிறேன். நடுவில் பிரியாம் அவசரப்படுத்தும்போது அக்கிலிஸுக்குக் கோபம் தலைக்கேறி, அதிகம் பேசாதே, கொன்றாலும் கொன்றுவிடுவேன் என்று மிரட்டுகிறான். போரும் நிற்கப் போவதில்லை. வட அயர்லாந்துக் கவிஞர் மைக்கேல் லாங்லி 1994-இல், போர்நிறுத்தம் வருமா என்று எல்லாரும் காத்திருந்த நாட்களில், இந்தக் காட்சியைப் பதினான்கு வரிகளில் எழுதினார். கவிதை செய்தித்தாளில் வந்த சமயத்தில் அங்கே பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐரிஷ் குடியரசுப் படையின் போர்நிறுத்த அறிவிப்பும் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் அங்கே இரண்டு பக்கமும் இருந்தன. கொன்றவன் கையை முத்தமிடு என்று அவர்களிடம் யாரால் சொல்ல முடியும்? பிரியாமிடமும் எந்த மனிதனும் அப்படிச் சொல்லவில்லை. உடலைக் கேட்டு வாங்கி வா என்று தெய்வம் சொல்லி அனுப்பியது, கையை முத்தமிட்டது அவராகச் செய்தது.

சரி, எங்கே தொடங்கலாம்?

1, 6, 9, 16, 18, 22, 24 ஆகிய காண்டங்களை முதலில் படியுங்கள். கதை விட்டுப்போகாது. பிறகு நடுவில் உள்ளவற்றுக்கு வாருங்கள். முடிந்தால் யாருடனாவது சேர்ந்து, சத்தமாகப் படியுங்கள். காதால் கேட்கப்பட்ட காவியம் இது. ‘வேகக் கால் அக்கிலிஸ்’ என்று நூறாவது முறை வரும்போது கண்ணுக்குச் சலிக்கும், காதுக்கு அவ்வளவாகச் சலிக்காது. பெயர்கள் குழப்பினால் ஒரு தாளில் இடப்பக்கம் கிரேக்கர், வலப்பக்கம் டிராய்க்காரர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலும் கையில் இருக்கட்டும். வெனிஸின் மார்ச்சியானா நூலகத்தில் பத்தாம் நூற்றாண்டு இலியட் சுவடி ஒன்று இருக்கிறது. அதன் ஓரங்கள் முழுக்கப் பழைய அறிஞர்களின் குறிப்புகள்: இந்த வரி சந்தேகம், இவன் ஏன் இப்படிப் பேசினான், இது அழகு. நீங்களும் ஓரத்தில் எழுதலாம்.